வக்கீலைப் பார்க்க வேண்டிய நாள்

கோர்ட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீல் முன்னால் உட்காருகிறவர், நடந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். யார் வாக்குக் கொடுத்தார், யார் மீறினார், எத்தனை வருஷப் பழக்கம், கடைசியில் என்ன பேச்சுப் பேசினார். வக்கீல் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். கதை மூச்சுவிடும் இடம் பார்த்து அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இது எந்தத் தேதியில உங்க கைக்கு வந்துச்சு? கவர் இருக்கா?"

பெரும்பாலும் கவர் இருக்காது. உள்ளே இருந்த தாளைப் பத்திரப்படுத்திவிட்டு, தபால் முத்திரை குத்திய உறையைக் கிழித்த கையோடு குப்பையில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளில் இருப்பது கடிதம் எழுதிய தேதி. அது கைக்கு வந்த நாள் எது என்பதற்கு உறைதான் ஆதாரம். பல விஷயங்களில் சட்டத்தின் கணக்கு தொடங்குவதே அந்த நாளிலிருந்துதான்.

எல்லாச் சிக்கலுக்கும் வக்கீல் தேவையில்லை. தேவைப்படும் சிக்கலுக்கு நாம் நேரத்தில் போவதும் இல்லை. காரணம், நாம் சண்டையின் சூட்டைப் பார்த்து முடிவு செய்கிறோம். வாக்குவாதம் முற்ற வேண்டும், உறவு முறிய வேண்டும், எதிராளி வக்கீல் வைத்துவிட்டார் என்று காதில் விழ வேண்டும், அதற்கப்புறம்தான் கிளம்புகிறோம். சண்டை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு கெடு ஓடத் தொடங்கிவிட்டதா, எதிலாவது கையெழுத்து விழப்போகிறதா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால், விஷயம் எத்தனை சில்லறையாகத் தெரிந்தாலும், எதிராளி எவ்வளவு சிரித்துப் பேசினாலும், ஒரு வக்கீலிடம் பேச வேண்டிய நாள் வந்துவிட்டது. போலீஸ் கூப்பிடுவது தனி ரகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கெடு. தெரிந்தவருக்குக் கடன் கொடுத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் தேதி எதுவும் பேசவில்லை. "உனக்கு முடியறப்போ கொடு" என்றுதான் கொடுத்தார். இரண்டு வருஷம் கேட்கவே இல்லை. மூன்றாம் வருஷம் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இழுக்கிறது. நான்காம் வருஷம் "தர முடியாது, ஆனதைப் பார்" என்று பதில் வருகிறது. இப்போதுதான் தனக்கு அநியாயம் நடந்தது என்று கொடுத்தவர் நினைப்பார். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. கேட்டவுடன் திருப்ப வேண்டிய கடனுக்கு, பணம் கைமாறிய நாளிலிருந்தே 3 ஆண்டு எண்ணப்படும். மறுத்த நாளிலிருந்து அல்ல. எதிராளி வாயைத் திறக்காவிட்டால்கூட, காலம் கடந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. கடன் உண்மை, சாட்சி உண்டு, கொடுத்தவர் நல்லவர். இருந்தும் வழக்கு நிற்காது.

ஒப்பந்தம் சார்ந்த வழக்குகளுக்கு இங்கிலாந்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொதுவாக 6 ஆண்டு. இலங்கையில் எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு 6, வாய்மொழிக்கு 3. அதாவது ஒரே நட்பு, ஒரே தொகை, ஒரே ஏமாற்றம். எந்த நாட்டில், எழுத்திலா வாயாலா என்பதைப் பொறுத்து ஒருவருக்கு வழி இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. வேலை நீக்கத்தில் கெடு இன்னும் இறுக்கம். மலேசியாவில் நியாயமின்றி வேலையை விட்டு நீக்கப்பட்டவர், மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். முதல் மாதம் அதிர்ச்சியிலும் இரண்டாம் மாதம் வேறு வேலை தேடுவதிலும் போய்விடும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. அவதூறு வழக்குக்கு இங்கிலாந்தில் ஒரே ஆண்டு.

இந்தக் கெடுக்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை. "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், எதுக்கு வக்கீல்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் எண்ணம். எதிராளிக்கு இது தெரிந்திருந்தால், அவர் பேச்சை முறிக்கவே மாட்டார். இனிக்க இனிக்கப் பேசி, மூன்றாம் ஆண்டு முடியும்வரை இழுப்பார்.

இந்த இடத்தில் வக்கீல் வழக்குத்தான் போட வேண்டும் என்றில்லை. கடன் வாங்கியவர் கெடு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி வைத்திருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்தியச் சட்டத்தில் அன்றிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். வாய்வார்த்தை போதாது. கெடு முடிந்தபின் அதே வரியை எழுதி வாங்கினால் பயனில்லை. ஆனால் கெடு முடிந்தபின்னும் "அந்தப் பழைய கடனைத் தருகிறேன்" என்று வாக்குறுதியாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லுபடியாகும். 'பாக்கி இருக்கிறது' என்பதற்கும் 'தருகிறேன்' என்பதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது; சட்டத்தில் அந்த ஒரு சொல்லில் மொத்தப் பணமும் தொங்கும். வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு சொல்தான்.

செக் திரும்பினால் கணக்கு நாள்களில். இந்தியாவில், செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து 15 நாள் செக் கொடுத்தவருக்கு அவகாசம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக்கைக் கொடுத்தவர் போனில் "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்று நாலு தடவை சொன்னால் முதல் 30 நாள் முடிந்துவிடும். திரும்பிய செக்கோடு வங்கி கொடுக்கும் சீட்டில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வக்கீலைக் கூப்பிடுகிறவர் அவசரக்காரர் அல்ல.

இதுவரை சொன்னது நாம் போடப்போகிற வழக்கு. நம் மேல் வருகிற வழக்கில் கெடு இன்னும் குறுகியது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில், சம்மன் கையில் கிடைத்தபின் பதில் தாக்கல் செய்யப் பொதுவாக 21 நாள். இங்கிலாந்தில் 14 நாளுக்குள் குறைந்தபட்சம் 'கிடைத்தது' என்றாவது தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் எதிருரைக்கு 30 நாள். நீதிமன்றம் நீட்டித்தால் 90 வரை. ஆள் வராவிட்டால், பதிலும் தாக்கலாகாவிட்டால், எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதப்படும். அதைத்தான் கோர்ட் வட்டாரத்தில் எக்ஸ்பார்ட்டி என்பார்கள்.

சம்மனை வாங்காமலே விட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு பழைய யோசனை உண்டு. தபால்காரரிடம் "அவர் ஊர்ல இல்லை" என்று சொல்வது, கதவைத் திறக்காமல் இருப்பது. வேண்டாம். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளும் விதி பல நாடுகளில் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. அப்புறம் நமக்குத் தெரியாமலே வழக்கு நடந்து, நம் சம்பளத்தையோ வீட்டையோ ஜப்தி செய்யும் உத்தரவு வரும்போதுதான் தெரியும். வழக்கு எவ்வளவு அபத்தமானதாக இருந்தாலும் சம்மன் வந்தால் வக்கீல் வேண்டும். அபத்தமான வழக்கும் எதிர்ப்பில்லாமல் போனால் ஜெயிக்கும்.

அடுத்தது கையெழுத்து. இதில் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 78 வயது மூதாட்டி ஒருவர் தன் வீட்டைத் தங்கை மகனோ தமையன் மகனோ போன்ற ஒரு நெருங்கிய உறவுக்காரப் பையனுக்குக் கொடுக்க விரும்பினார். அவன் அதை வைத்துக் கடன் வாங்கட்டும், சாகும்வரை தான் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்பது எண்ணம். பையனின் நண்பர் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மூதாட்டியின் கண்ணாடி உடைந்திருந்தது. "இது என்ன?" என்று கேட்டார். பையனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டார். உண்மையில் அது அந்த நண்பருக்கே வீட்டை விற்பதாக எழுதிய பத்திரம். அவர் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார், கட்டாமல் விட்டார். கடன் கொடுத்த நிறுவனம் வீட்டைக் கேட்டது.

வழக்கு மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போய் 1970இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் முடிந்தது. சாண்டர்ஸ் எதிர் ஆங்லியா பில்டிங் சொசைட்டி என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும். தீர்ப்பு வரும்போது மூதாட்டி உயிரோடு இல்லை. அவர் ஏமாற்றப்பட்டார் என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வீடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கே என்றார்கள். கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்த மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். படிக்காமல் போட்டதன் விளைவைப் போட்டவர்தான் சுமக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றும் வரை ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது சட்ட நுணுக்கம் அல்ல. அந்த வீட்டில் அன்று சண்டையே இல்லை. நம்பிக்கையும் பாசமும்தான் இருந்தன. வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத நாள் அது. குடும்பச் சொத்தில் விடுதலைப் பத்திரம், பொது அதிகாரப் பத்திரம், கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்து, வேலையை விடும்போது 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கேட்கும் தாள், விபத்து நடந்த வாரத்தில் காப்பீட்டுக்காரர் நீட்டும் முழுத் தீர்வு ரசீது: இவை எல்லாமே அமைதியான நேரத்தில், தெரிந்த முகம் ஒன்றின் கையால் வருபவை. 'நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான் நம்மைக் கையெழுத்துப் போடவைக்கிறது. "வக்கீல் கிட்ட காட்டிட்டுத் தர்றேன்" என்று சொல்ல வாய் வராவிட்டால், "நாளைக்குத் தர்றேன்" என்றாவது சொல்லலாம். நாளை வரை காத்திருக்க முடியாது என்று அவர் துடித்தால், அந்தத் துடிப்பே போதுமான தகவல்.

உத்தரவாதக் கையெழுத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கடன் வாங்கியவர் முதலில் கட்ட வேண்டும், அவரால் முடியாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று நினைத்தே பலர் போடுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறு விதமாக எழுதாதவரை, உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். தவணை தவறியதும் கடன் கொடுத்தவர் நேரே நம் கதவைத் தட்டலாம். அவரிடம் போய்விட்டு வா என்று சொல்ல முடியாது.

இனி போலீஸ். இங்கே மட்டும் கெடு, கையெழுத்து என்ற கணக்கெல்லாம் கிடையாது. விசாரணை என்று கூப்பிட்டாலே வக்கீல். "சும்மா ஒரு ஸ்டேட்மெண்ட்தான்", "உங்களைச் சாட்சியாத்தான் கூப்பிடறோம்" என்று சொன்னாலும் அப்படித்தான். தப்புச் செய்யாதவனுக்கு எதற்கு வக்கீல் என்று கேட்பவர்களுக்குப் பதில் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன்.

1961இல் ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாக அவர் மேல் குற்றச்சாட்டு. வக்கீல் வைக்க வசதியில்லை, நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குக்குத்தான் தர முடியும் என்று நீதிபதி மறுத்தார். கிடியன் தானே வாதாடினார், தானே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார், 5 ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கடுங்குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற விதி அங்கே நிலைத்தது அப்படித்தான்.

பலரும் இந்தக் கதையை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குப் பயன்படும். அதே ஆண்டு ஆகஸ்டில் மறு விசாரணை. அதே ஊர், அதே குற்றச்சாட்டு, அதே முக்கியச் சாட்சி. இந்த முறை உள்ளூர் வக்கீல் ஒருவர் கூட இருந்தார். வழக்குக்கு முன்பே அவர் ஊருக்குள் சுற்றிச் சாட்சியைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். அன்று அதிகாலை கிடியனை ஏற்றிச் சென்ற டாக்ஸி ஓட்டுநர், "என்னை ஏற்றியதை யாரிடமும் சொல்லாதே" என்று கிடியன் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். கேட்பவருக்குக் குற்றவாளியின் பேச்சாகவே படும். வக்கீல் விடவில்லை: இதற்கு முன்பும் அப்படிச் சொன்னதுண்டா? உண்டு என்றார் ஓட்டுநர். எதற்காக என்றால், மனைவியோடு தகராறு. அந்த ஒரு துணைக் கேள்வி சந்தேகத்தைக் கரைத்தது. ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது.

உண்மை இரண்டு விசாரணையிலும் ஒன்றேதான். அதைக் கேள்வியாக மாற்றத் தெரிந்த ஆள் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை இந்திய அரசமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. இங்கிலாந்தில் காவல் நிலையத்தில் வைக்கப்பட்ட எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாகச் சட்ட ஆலோசனை பெறலாம். உரிமை இருக்கிறது என்று தெரிந்தாலும் கேட்க நா எழாது. வக்கீல் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ஆகாது.

எதற்கெல்லாம் வேண்டாம்? வாங்கிய பொருள் பழுது, முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, சின்னத் தொகைத் தகராறு போன்றவற்றுக்குப் பல நாடுகளில் வக்கீல் இல்லாமல் நாமே போகும் மன்றங்கள் உண்டு. சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாடவே அனுமதி இல்லை. இந்தியாவில் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். ஆனால் பொதுவாக 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு அங்கேயும் உண்டு. பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது, என்னைக் கேட்டால், கொசுவுக்குப் பீரங்கி. அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்துவிடும், சத்தமும் நிற்காது.

உயில் இரண்டுங்கெட்டான். தானே எழுதலாம், எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. 'அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்தவள்' என்று மகளைச் சாட்சியாகப் போட்டால், உயில் செல்லும், மகளின் பங்கு போகும். எழுதியவர் போனபிறகுதான் இந்தப் பிழை வெளியே வரும், திருத்த ஆள் இருக்காது. சொத்தும் வாரிசும் எளிமையாக இருந்தாலும் எழுதி முடித்ததை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

போவது என்று முடிவானபின், கதையை வாயால் சொல்லாமல் ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது. நமக்குச் சாதகமில்லாததையும் எழுத வேண்டும். எதிராளி வாயிலிருந்து அது முதன்முதலாகக் கோர்ட்டில் வருவதைவிட வக்கீலின் அறையில் வருவது மேல். வக்கீலிடம் சொன்னது பொதுவாக ரகசியமாகவே காக்கப்படும். நண்பரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆதாரங்களின் நகலைக் கொடுங்கள். அசலைக் கேட்டால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வக்கீல் கேட்டாலும் கிடையாது.

கட்டணத்தை முதல் நாளே, வெட்கப்படாமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெயித்தால் பங்கு தருகிறேன் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் சர்வசாதாரணம். இந்தியாவில் வக்கீல்களுக்கான நடத்தை விதி அதைத் தடை செய்கிறது. காசில்லை என்பதால் போகாமலும் இருக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இந்தியாவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் அந்த உரிமை இருக்கிறது என்பது பல பெண்களுக்கே தெரியாது.

கெடு தாண்டிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவை நீங்களே எடுக்காதீர்கள். மோசடியை மறைத்து வைத்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் எண்ணப்படும். மேல்முறையீடு தாமதமானால் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஒருவருடைய சிறு வயதில் அவர் பங்குச் சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், அதை எதிர்க்க இந்தியாவில் 18 வயது நிறைந்ததிலிருந்து 3 ஆண்டு உண்டு. விற்பனை நடந்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கலாம். பத்திரத்தின் மேல் தூசி படிந்திருக்கலாம். அந்தப் பிள்ளை இருபது வயதில் வந்து கேட்டால் வழக்குக்கு உயிர் இருக்கிறது. இருபத்தொன்று முடிந்தபின் வந்தால் இல்லை.